கீமோ அறையில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர் என்ன பேச வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 2016ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானபோது என் வயது 44. இடது மார்பகத்தை எடுத்தார்கள். பிறகு எட்டுச் சுற்று கீமோ, மூன்று வாரம் கதிர்வீச்சு (எங்கள் பக்கத்தில் இதைக் கரண்ட் வைப்பது என்பார்கள்), அதற்கும் பிறகு ஐந்து ஆண்டுகள் தினமும் ஒரு தமாக்சிபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை. 2018 முதல் செவ்வாய்க்கிழமைதோறும் மதுரையில் ஒரு மருத்துவமனையின் கீமோ அறைக்குச் சென்று, முதல் முறையாக மருந்து ஏற்றிக்கொள்ள வந்திருக்கும் பெண்களோடு உட்கார்ந்து பேசி வருகிறேன்.

நான் இந்தப் பழக்கத்துக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நோய் இன்னதென்று தெரிந்த நாளில் மருத்துவர் நடைவழியில் நின்றபடி என் கணவரிடம்தான் பேசினார். ஃபைலைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் நின்ற என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து நாலாவது வாரம், முதல் கீமோவுக்கு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு மருந்து (டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை அதன் நிறத்தால் இப்படிச் சொல்வோம்) வலது கையில் ஏறிக்கொண்டிருந்தது. மறுபரிசோதனைக்கு வந்திருந்த ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இடது என்றேன். "எனக்கும் இடதுதான்" என்று சொல்லிவிட்டு, தன் கொண்டையை அவிழ்த்து, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், நிதானமாக மறுபடி முடிந்துகொண்டார். எனக்கோ அப்போது இடது கையைத் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியாது. மூன்று வாரத்துக்குள் முடியெல்லாம் கொட்டிவிடும் என்றும் காலையில்தான் சொல்லியிருந்தார்கள். அந்தக் கை மேலே போனதையும், அது பிடித்த முடியையும் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

போன வாரம் ஒரு பெண்ணிடம் "தைரியமாக இருங்கள்" என்று சொன்னேன். அவருடைய தங்கை என்னை வெளியே அழைத்துப்போய், "இந்த வார்த்தையை மட்டும் இனிச் சொல்லாதீர்கள், அக்கா இரவு முழுவதும் அழுகையை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார்" என்றார். ஏழு ஆண்டுகளாகப் போய்வரும் எனக்கே அது உறைக்கவில்லை. ஆகவே சிகிச்சை எடுத்தவர்களையும் எடுத்துக்கொண்டிருப்பவர்களையும் கேட்கிறேன்: உங்களிடம் யார் என்ன சொன்னது உதவியது? எது வலித்தது?

செம்பருத்தி எழுதியது:

வைகைக்கரை அக்காவுக்கு வணக்கம். எனக்கு 38 வயது. சிவப்பு மருந்து நான்கு சுற்றும் முடிந்து, இப்போது வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு முறை போட வேண்டிய பேக்ளிடேக்சல் என்ற அடுத்த கீமோ ஊசியில் மூன்று முடிந்திருக்கிறது.

அந்தத் தங்கை சொன்னது முழுக்க உண்மை. "மனசுதான் மருந்து, மனசு உடைந்தால் நோய் ஏறும்" என்று எங்கள் வீட்டுக்கு வந்த பத்துப் பேரும் சொன்னார்கள். அன்று முதல், அழுதால் கட்டி வளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நான் குளியலறையில்கூட அழவில்லை. என் மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அழுவதால் புற்றுநோய் பெருகாது என்று தெளிவாகச் சொன்னார். அன்று மாலை வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அழுதுவிட்டு, பசியெடுத்து, இரண்டு தோசை சாப்பிட்டேன்.

உதவியவை எல்லாமே சின்னச் சின்னச் செய்திகள்தான். முதல் ஊசிக்கு முன் ஒரு அக்கா, "இன்றும் நாளையும் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தமில்லை, மருந்தின் நிறம்" என்று சொல்லியிருந்தார். அவர் சொல்லாமலிருந்தால் அன்று இரவு நான் மயங்கி விழுந்திருப்பேன். வாய்ப்புண் வந்தால் காரம் சேர்க்காமல், ஆறிய கஞ்சியும் தயிர்ச் சோறும் இறங்கும் என்றதும், எதைத் தின்றாலும் இரும்பை நக்கியதுபோல் இருப்பது சில வாரங்களில் போய்விடும் என்றதும் அவரே.

முடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காலையில் தலையணை உறை முழுவதும் முடியாக இருந்தது. மதியமே மொட்டை போட்டுக்கொண்டேன். மறுவாரம் பேருந்தில் பக்கத்தில் இருந்த பெரியம்மா, "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று அன்பாகக் கேட்டார். "சமயபுரம்" என்று சொல்லிவிட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, எனக்காகவும் வேண்டிக்கொண்டார். பொய் சொன்ன உறுத்தலோடு வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். "பொய்யாக ஏன் இருக்க வேண்டும், சிகிச்சை முடிந்ததும் நாம் இருவரும் போய்வருவோம்" என்றார். எனக்குச் சொல்லப்பட்டவற்றில் ஆகச் சிறந்த ஆறுதல் அதுதான். நோயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஊர்க்குருவி எழுதியது:

நான் நோயாளி இல்லை, நோயாளியின் கணவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை சென்னைக்கு ரயிலில் போய்வருகிறோம். "ஒன்றும் ஆகாது, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லியே முதல் இரண்டு மாதங்களைக் கடத்தியவன் நான். ஒரு நாள் அவள், "நீங்கள் இப்படிச் சொன்னால் நான் பயப்படுவதை யாரிடம் சொல்வது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இப்போது நாங்கள் இரவில் வாசல்திண்ணையில் உட்கார்ந்து, அன்றைக்கு யாருக்கு எது பயமாக இருந்தது என்று சொல்லிக்கொள்கிறோம். சில நாள் என் பட்டியல்தான் நீளமாக இருக்கிறது.

வைகைக்கரை அம்மா, நீங்கள் போகும்போது துணைக்கு வந்திருக்கும் ஆண்களிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். நாங்கள் டோக்கன் வரிசையிலும் மருந்துக்கடையிலும் நின்றுகொண்டே இருப்போம். எங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. பணம் தொடர்பான விவரங்களை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ரயிலில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி என்பது நான்காவது பயணத்தில்தான் தெரிந்தது. அதற்குரிய படிவத்தில் மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கி, முன்பதிவு மையத்தில் கொடுத்தால் போதும்.

வெள்ளைச்சீருடை எழுதியது:

புற்றுநோய்ப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். வைகைக்கரை அக்கா செய்வதை 1952இல் நியூயார்க்கில் ஒரு பெண் தொடங்கினார். அவர் பெயர் தெரீஸ் லாசர். அந்தக் காலத்து அறுவை சிகிச்சை, ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் 1880களில் வகுத்த முறை. அதில் மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குளிலுள்ள நெறிக்கட்டிகளையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். கையைத் தூக்குவதே பெரும்பாடாகிவிடும். தமக்கு அந்த அறுவை நடந்தபின், இனி எப்படி வாழ்வது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை என்பதைக் கண்ட அவர், தாமே பயிற்சி செய்து கையை மீட்டுக்கொண்டு, மற்ற நோயாளிகளின் படுக்கையருகே போகத் தொடங்கினார். பிடித்து அழுத்த ஒரு பந்து, கதவின் மேல் போட்டு மாறி மாறி இழுக்க ஒரு கயிறு, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள மென்மையான தற்காலிக மார்பகம் ஒன்று: இவைதான் அவர் கையில் கொண்டுபோனவை. மருத்துவர் அல்லாத ஒருவர் நோயாளியிடம் பேசுவதா என்று எதிர்த்த அறுவை மருத்துவர்கள் பலர். ஆனாலும் அவர் விடவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது; இன்று பல நாடுகளில் அதே முறையில் குணமடைந்தவர்கள் நோயாளிகளைப் போய்ப் பார்க்கிறார்கள்.

அந்தக் கயிற்றுப் பயிற்சியை நாங்கள் இன்றும் சொல்லித்தருகிறோம். சுவரில் விரல்களை எறும்பு ஊர்வதுபோல் மேலே நகர்த்தி, இன்று எட்டிய இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, நாளை அதற்கு ஒரு விரற்கடை மேலே போவது இன்னொரு பயிற்சி. அறுவைக் காயத்தின் நீரை வடிக்கும் ட்ரெயின் குழாய் இருக்கும்போது எவ்வளவு செய்யலாம் என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடமோ இயன்முறைப் பயிற்சியாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவிக்கு வருபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: தயவுசெய்து ரிப்போர்ட்டை வாங்கிப் படித்து உங்களுடையதோடு ஒப்பிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. கட்டியில் ஹார்மோன் ஏற்பி (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) உள்ளவர்களுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு வரை மாத்திரை. ஹெர்-2 புரதம் மிகுந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஓர் ஆண்டு டிராஸ்டுசுமாப் ஊசி. அந்த இரண்டு ஏற்பிகளும் ஹெர்-2 மிகுதியும் ஆகிய மூன்றும் இல்லாத வகைக்கு வேறு வழி. உங்களுக்குக் கொடுக்காத மருந்து அவருக்கு ஏன், அவருக்கு மார்பகத்தை எடுக்காமல் கட்டியை மட்டும் ஏன் எடுத்தார்கள் என்ற பேச்சு கீமோ அறையில் எழுந்தால், அந்தப் பெண் வீட்டுக்குப் போய்த் தூங்க மாட்டார். பொருத்தமானவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர்வாழும் வாய்ப்பு குறைவதில்லை என்பதை பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 1985லேயே காட்டிவிட்டது. அவருக்கு ஏதோ அரைகுறையாகச் செய்துவிட்டார்கள் என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம்.

நீங்கள் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றும் உண்டு. கீமோ போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாங்கள் சொல்லும்போது பலரும் தலையாட்டுவார்கள். அதே நாற்காலியில் இருந்து எழுந்துவந்த ஒருவர் சொன்னால் வீட்டில் வெப்பமானி வாங்கி வைப்பார்கள்.

மழைநாள் எழுதியது:

எனக்கு நான்காம் நிலை. எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மருந்தில்தான் இருக்கிறேன், மருந்தில்தான் இருப்பேன்.

இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் எல்லோருடைய அன்பும் எனக்குப் புரிகிறது. ஆனால் "புற்றுநோயை வென்றவர்" என்று ஒருவர் கீமோ அறைக்குள் அறிமுகப்படுத்தப்படும்போது, அந்த அறையில் என்னைப்போல் இருவராவது உட்கார்ந்திருப்போம். அவர் வென்றவர் என்றால் நாங்கள் யார்? சரியாகப் போராடாதவர்களா? நான் ஒரு மாத்திரையையும் தவறவிட்டதில்லை. ஒரு ஸ்கேனையும் தள்ளிப்போட்டதில்லை. நோய் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

எனக்கு உதவியவர் என் தெருவில் இருக்கும் ஓர் அக்கா. அவருக்கு நோய் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வியாழக்கிழமை மாலையில் வருவார். முருங்கைக்கீரை கொண்டுவருவார், இருவரும் முறத்தைச் சுற்றி உட்கார்ந்து உருவுவோம். எனக்கு வலி கூடிய நாளில் அவர் ஒருவரே எல்லாவற்றையும் உருவி முடித்து, வெறும் காம்புகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார். என் ஸ்கேன் முடிவு மோசமாக வந்த வாரத்திலும் வந்தார். பலர் அந்த வாரத்தோடு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளைச்சீருடை எழுதியது:

மழைநாள், நீங்கள் எழுதியதை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், நன்றி. உங்கள் கேள்வியோடு நேராகத் தொடர்புடைய ஆய்வுகள் சில உண்டு. 1989இல் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களிடம் நடத்திய ஆய்வில், வாரந்தோறும் கூடிப் பேசிய குழுவினர் ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் வாழ்ந்ததாக வெளியிட்டார். உலகமே அதைக் கொண்டாடியது. பிறகு கனடாவில் 235 பெண்களிடம் அதையே இன்னும் பெரிதாகச் செய்து 2001இல் வெளியிட்டபோது, ஆயுள் நீளவில்லை என்று தெரிந்தது. ஸ்பீகலே பின்னர் மறுபடி செய்த ஆய்விலும் ஒட்டுமொத்தமாக ஆயுள் கூடவில்லை. ஆனால் கனடாவில் கூடிப் பேசிய பெண்களுக்கு மன வேதனையும் உடல் வலியும் குறைந்தன. தொடக்கத்திலேயே மிகவும் துன்பத்தில் இருந்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தன.

மனஉறுதியால் உயிர் நீளும் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. வலி குறையும் என்று சொல்ல உரிமை இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுவே வியாழக்கிழமைதோறும் கீரை கொண்டுவரப் போதுமான காரணம்.

வைகைக்கரை எழுதியது:

மழைநாள், உங்கள் கேள்விக்கு முன் நான் தலைகுனிகிறேன். "வென்றவர்" என்ற அந்தச் சொல்லை இனி நான் பயன்படுத்த மாட்டேன். அங்கே என்னை அறிமுகப்படுத்துபவரிடமும் சொல்லிவிட்டேன். "எட்டு வருடத்துக்கு முன் இதே அறையில் மருந்து ஏற்றிக்கொண்டவர்" என்றால் போதும்.

நான் செய்த ஒரு பெரிய தவறையும் இங்கே சொல்லிவிடுகிறேன், புதிதாக இப்பணிக்கு வருபவர்களுக்கு உதவும். மல்லிகை தொடுத்து விற்றுப் பிழைக்கும் ஒரு பெண் பேக்ளிடேக்சல் தொடங்கும்போது, "அந்த மருந்து என்னை ஒன்றும் செய்யவில்லை, சிவப்பு மருந்தைத் தாண்டிவிட்டீர்கள், இனிக் கவலையில்லை" என்று உற்சாகமாகச் சொன்னேன். ஐந்தாவது ஊசிக்குள் அவருக்கு விரல் நுனிகள் மரத்துப்போயின. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதால், தனக்கு மட்டும் ஆவது தன் பலவீனம் என்று நினைத்து மருத்துவரிடம் மறைத்துவிட்டார். எட்டாவது வாரம் அவரைப் பார்த்தபோது மடியில் பூக்கூடை இருந்தது. நாரை மடக்கி முடிச்சிடுகிறார்; முடிச்சு விழுந்ததா என்று விரலுக்குத் தெரியவில்லை; கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த பூவை எடுக்கிறார். மல்லிகை தொடுப்பவர்கள் கையைப் பார்ப்பதே இல்லை என்பது மதுரையில் எல்லோருக்கும் தெரியும். அப்போதே அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அளவைக் குறைத்தார்கள். மரத்துப்போனது பெரும்பகுதி சரியாவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆனது.

அதன்பிறகு "எனக்கு" என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும், "உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்" என்று முடிக்காமல் விடுவதில்லை.

பொருநைத்துறை எழுதியது:

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். எனக்குத் திருமணப் பேச்சு நடப்பதால் வெளியே சொல்லக் கூடாது என்று பெரியப்பாவும் அத்தையும் முடிவுசெய்துவிட்டார்கள். அம்மாவுக்கு மூட்டுவலிச் சிகிச்சை என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம். யாரும் பார்க்க வருவதில்லை. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். வைகைக்கரை அம்மா போன்ற ஒருவர் வந்தால் பேசுவார் என்று தோன்றுகிறது. ஆனால் யாரை எப்படி அழைப்பது?

வைகைக்கரை எழுதியது:

மகளே, முதலில் ஒரு செய்தி. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் ஏற்படுவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இளவயதில் வந்திருந்தால், மரபணுப் பரிசோதனை தேவையா என்று அம்மாவின் மருத்துவரிடமே கேளுங்கள். அது உங்கள் உடல்நலத்துக்காகத் தெரிந்துகொள்ள வேண்டியது; சம்பந்தி வீட்டாருக்காக மறைக்க வேண்டியது இல்லை.

இந்த மூட்டுவலிக் கதையை நான் பத்து வீடுகளிலாவது பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. மகளின் திருமணத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லித் தாயைத் தனியே படுக்க வைக்கிறார்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அம்மா நம்பும் ஒரே ஒருவரிடம் சொல்ல அம்மாவையே கேளுங்கள், யார் என்பதை அவர் முடிவு செய்யட்டும். அம்மா மருந்து ஏற்றிக்கொள்ளும் இடத்திலேயே பொறுப்புச் செவிலியரிடம், "இதே சிகிச்சையை முடித்த யாராவது வந்து பேசுவார்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார். முதல்முறை அவர் வந்து பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாலும் குறையாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று. அறுவை நடந்த பக்கத்துக் கையில் அம்மா வளையல் போடுவாரா? கழற்றச் சொல்லியிருப்பார்கள். மறு கையில் போடும் அதே அளவு வளையலை மாதம் ஒருமுறை இந்தக் கையிலும் நுழைத்துப் பார்த்துக் கழற்றச் சொல்லுங்கள். வழக்கமாக நுழையும் வளையல் இறுகினால் கை வீங்கத் தொடங்குகிறது என்று பொருள். உடனே காட்டினால் கட்டுப்படுத்தலாம். இதைச் செய்துகொடுக்கும் சாக்கில் நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம்.

பொருநைத்துறை எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன், வைகைக்கரை அம்மா. சித்தியின் பெயரைச் சொன்னார். இருவருக்கும் ஆறு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. நேற்று இரவே பேருந்து ஏறிச் சித்தி இன்று காலை வந்துவிட்டார். இப்போது உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செம்பருத்தி எழுதியது:

வைகைக்கரை அக்கா, நானும் மதுரையில்தான் மருந்து ஏற்றிக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதே அறையாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு வரும் செவ்வாய்க்கிழமை நான்காவது ஊசி. போன வாரம் எதிர் நாற்காலியில் ஒரு பெண் முதல் சிவப்பு மருந்துக்கு வந்திருந்தார். சிறுநீரின் நிறத்தைப் பற்றி அவரிடம் நான் சொன்னேன். தொப்பியைக் கழற்றி என் தலையைக் காட்டினேன். சிவப்பு மருந்து நின்றபின் புல் முளைத்ததுபோல் கொஞ்சம் வந்திருக்கிறது. அவர் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். தொட்டுப் பார்த்தார்.

எனக்கு இன்னும் கொண்டை போட முடி இல்லை. நீங்கள் வந்தால் அவருக்கு அதைக் காட்டலாம். அவருக்கு அடுத்த ஊசி இன்னும் இரண்டு செவ்வாய் கழித்து. அன்று காலை 8 மணிக்கே போய் உங்களுக்கும் சேர்த்து ஜன்னலோரம் இடம் பிடித்து வைக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

வருகிறேன், செம்பருத்தி. வெப்பமானி ஒன்றும் வாங்கி வருகிறேன், அவர் வீட்டில் இருக்கிறதா என்று தெரியவில்லை.